இருமடங்கு

வால்டெசிர் கடலுக்குள் இருக்கிறான்.
ஹெலிகாப்டரில் ஐம்பது நிமிடம்,
எண்ணெய்க் கிணற்றின் மேல்
இரும்புக் கால் ஊன்றி நிற்கும் ஓர் ஊர்.
பதினாலு நாள் அங்கே,
பதினாலு நாள் மக்காயேவில், என்னோடு.

விரல்கள் தடிமன், எழுத்து தட்ட வராது.
குரலாகத்தான் அனுப்புவான்.
ஏழு நிமிடம், ஒன்பது நிமிடம்,
ஒருமுறை பதினொன்று நாற்பது:
கிரேன் ஓட்டுகிறவனின் மைத்துனிக்கு வந்த
சொத்துத் தகராறு, ஒன்று விடாமல்.

எனக்குப் பல் கட்டும் வேலை.
நாளைக்கு நாலு செட். மெழுகில் ஈறு செதுக்கி,
கடைவாய், சிங்கப்பல் என்று வரிசை வைக்க வேண்டும்.
யார் யாருடையதோ வாய்கள்
மேசை மேல் திறந்து கிடக்கும்,
ஒரு சொல் இல்லாமல்.
பிளாஸ்டர் இறுகப் பதினெட்டு நிமிடம்.
அதை மட்டும் இன்னும் எவனாலும் விரட்ட முடியவில்லை.
காதில் வால்டெசிர்,
இரண்டு மடங்கு வேகத்தில்.

முகம் சுளிக்காதீர்கள்.
பாதிரியாரின் பிரசங்கத்தையே
பாத்திரம் கழுவும் நேரத்துக்குள் முடிக்கிறவர்கள்தானே நாமெல்லாம்.
என் மகள் தாயேனி படமே அப்படித்தான் பார்ப்பாள்,
முத்தக் காட்சி மட்டும் அசல் வேகம்.

இருமடங்கில் அவன் கெட்டிக்காரன்.
கேள்வியும் பதிலும் பளிச் பளிச்.
கோபம் வந்தால் அணில் கோபம்,
எனக்குச் சிரிப்பு வரும்.
'உன்னை நினைச்சுக்கிட்டேன்' என்பது
பல்லிடுக்கில் நழுவிய எள் மாதிரி
எங்கேயோ போய்விடும்.

மார்ச் ஒன்பதாம் தேதி வந்து இறங்கினான்.
குளித்தான். சமையலறையில் உட்கார்ந்தான்.
'இவொனெச்சி' என்றான்.
நிறுத்தினான்.
கருப்பு பீன்ஸ் வேகும் குக்கர் சீறிக்கொண்டிருந்தது.
'இந்தத் தடவை…' என்றான்.
மறுபடி நிறுத்தம்.
என் கட்டைவிரல் தானாக
மேசை விளிம்பில் இல்லாத ஒரு பொத்தானைத்
தேடிப் போனது.

பக்கவாதமோ என்று அடிவயிறு கலங்கியது.
எதிர்வீட்டு எராக்லிட்டோவுக்கு
முதலில் வாக்கியம்தான் தளர்ந்தது.
'கையைத் தூக்கு' என்றேன். தூக்கினான்.
'சிரி.' சிரித்தான்.
இரண்டு பக்கமும் சமம்.
வாய் விஷயத்தில் என் கண் தப்பாது.

'பின்னே ஏன் இவ்வளவு மெதுவாப் பேசறே?'

அவன் என்னை வெறித்தான்.
'நான் உன்னைக் கேக்க இருந்தேன்' என்றான்.
'போனில் படபடன்னு பொரிவியே,
இப்ப ஒவ்வொரு சொல்லையும் இழுக்கறே.
ஏதோ கெட்ட சேதி,
சொல்ல வாய் வரலைன்னு
கதவைத் திறந்ததிலேருந்து
நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டிருக்கேன்.'

குக்கரை அணைத்தேன்.
நாலு வருடமாக
இரண்டு அணில்கள் கடல் தாண்டிக் குடித்தனம் நடத்தியிருக்கின்றன.
அவை எங்களைவிடச் சந்தோஷமாக இருந்தனவோ என்னவோ.

அன்று இரவு அவன் தூங்கிய பிறகு
அந்தப் பதினொன்று நாற்பதை
அசல் வேகத்தில் போட்டேன்.
நாலாம் நிமிடத்தில் ஒரு மௌனம்,
ஒன்பது விநாடி.
முன்பு அதைக் கேட்டதாகவே நினைவில்லை.
காற்று. யாரோ தட்டில் கரண்டி உரசும் சத்தம்.
அவன் எச்சில் விழுங்குவது.
இதோ, இங்கேதான்
எனக்கென்று எதையோ சொல்லாமல் வைத்திருக்கிறான் என்று
போனைக் காதோடு அழுத்தினேன்.

'அந்த மைத்துனி புருஷன் பேர் என்ன…
ம்… ஆதெல்மோ' என்றான்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்,
கட்டில் குலுங்கியது.
அவன் புரண்டு படுத்தான், மிக மெதுவாக.

திங்கள்கிழமை மறுபடி ஹெலிகாப்டர்.
செவ்வாய் மதியம் எட்டு நிமிடம் வந்தது.
இப்போது ஒன்றரையில் கேட்கிறேன்,
அதற்கு மேல் இறங்க என்னால் ஆகவில்லை.
அவன் என்னை எதில் கேட்கிறான் என்று
நான் கேட்டுக்கொள்ளவில்லை.